ரயில் ரத்தானால்: செஞ்சி – மேல்மலையனூர்ப் பயணத்தை மாற்றி அமைப்பது எப்படி

செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதுப் பாதை போடும் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. வண்டி இன்னும் ஓடவில்லை. மேல்மலையனூர் அங்காளம்மனைத் தரிசிக்க வருகிறவரும், செஞ்சிக் கோட்டையில் ஏற வருகிறவரும் ரயிலில் வந்தால் மூன்று நிலையங்களில் ஒன்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். கிழக்கே திண்டிவனம், தென்கிழக்கே விழுப்புரம், மேற்கே திருவண்ணாமலை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி சுமார் 28 கி.மீ.; மற்ற இரண்டிலிருந்தும் 40 கி.மீ.க்குள். செஞ்சியிலிருந்து வளத்தி வழியாக மேல்மலையனூர் இன்னும் 20 கி.மீ. அளவு. இந்தக் கடைசிக் கட்டம் முழுவதும் பஸ்தான்.

இதனால் ஒரு நன்மை உண்டு. ரயில் நின்றுபோனால் பயணத்தின் முன்பாதி மட்டுமே அடிபடுகிறது. பின்பாதி அப்படியே இருக்கிறது. ஆனாலும் ‘வண்டி ரத்து’ என்ற செய்தி வந்ததும் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். திட்டத்தையே கைவிடுகிறார்கள், அல்லது கிடைத்த வாடகைக் காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பழைய திட்டத்தைப் பழைய நேரப்படியே நடத்தப் பார்க்கிறார்கள். இரண்டும் அவசர முடிவுகள். முதலில் தேட வேண்டியது வேறு வண்டி அன்று. உங்கள் திட்டத்தில் எது நாள் மாறாதது, எது நாள் மாறக்கூடியது என்று பிரித்து, நாள் வரிசையைத் திருத்திக்கொண்டு, அதன் பிறகு வண்டி தேடுவதே சரியான முறை. தடையின் காரணத்தைக் கண்டுபிடிப்பதில் தொடங்கி, இந்த அத்தியாயம் அந்த வரிசையில்தான் போகிறது.

வண்டியை ஏன் பிறகு தேட வேண்டும்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கார்த்திகை அமாவாசை இரவும் அதுவே. புயல் விரைவாக உள்ளே நகராமல் ஒரே இடத்தில் நெடுநேரம் நின்று பெய்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ., திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து வீடு புதைந்ததில் 7 பேர் உயிரிழந்தார்கள். டிசம்பர் 2 காலை விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தை ஒட்டி வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. சென்னை – விழுப்புரம் தடத்தில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. பல ரத்தாயின, சில பாதி வழியில் முடிக்கப்பட்டன, சில வேறு தடத்தில் திருப்பிவிடப்பட்டன. அதே நாளில், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரோடு தென்பெண்ணை பெருகி, அரசூர் அருகே சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் பாய்ந்தது. அங்கே சாலைப் போக்குவரத்தும் நின்றது.

செஞ்சிக்கு வரும் மூன்று வாசல்களும் மூன்று நாளுக்குள் ஒரே மழையால் அடிபட்டன என்பதை இந்தத் தேதிகள் காட்டுகின்றன. தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையும் ஏறக்குறைய பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடுகின்றன. ஒரே ஏரிகளின் உபரிநீரும் ஒரே ஓடைகளும் இரண்டுக்கும் அடியில் பாய்கின்றன. தண்டவாளத்தை நிறுத்திய தண்ணீர் சிறிது நேரத்தில் சாலையையும் நிறுத்தக்கூடும். அன்று ரயில் ரத்தானதால் கார் எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பியவர் பத்திரமான இடத்தை விட்டு ஆபத்தான இடத்துக்குப் போயிருப்பார்.

புயல் எப்போதாவது வருவது, அதை வைத்து எல்லாப் பயணத்துக்கும் விதி எழுதலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தத் தடத்தில் நடக்கும் ரயில் மாற்றங்களில் பெரும்பாலானவை பராமரிப்புப் பணிக்காக முன்கூட்டி அறிவிக்கப்படுபவையே; அப்போது சாலை திறந்துதான் இருக்கும், பஸ்ஸில் ஏறிப் போய்விடலாம். அதனால்தான் எந்த வகைத் தடை என்று கண்டுபிடிப்பதை முதல் படியாக வைத்திருக்கிறேன். காரணம் தெரியாமல் எடுக்கும் எந்த முடிவும் குருட்டு முடிவு.

படி 1: தடை எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

வண்டி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு 139-க்கு அழையுங்கள், அல்லது ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை நம்பாதீர்கள். போன வருட மழையின் பட்டியல் இந்த வருடமும் சுற்றும். பார்க்க வேண்டியவை இரண்டு: உங்கள் வண்டியின் நிலை, அதற்கான காரணம்.

1. அறிவிக்கப்பட்ட பணி. தண்டவாளம், பாலம், சிக்னல், நிலையச் சீரமைப்பு போன்ற பணிகளுக்காகச் சில நாள் சில வண்டிகளை ரத்து செய்வார்கள். அல்லது சென்னை எழும்பூருக்குப் பதில் தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ தொடங்கவோ முடிக்கவோ செய்வார்கள். தெற்கு ரயில்வே இதை முன்னதாகவே செய்தித்தாள்களுக்குத் தந்துவிடும். பயணத் திட்டத்தின் நாள் வரிசையைத் தொட வேண்டியதில்லை. ஏறும் இடத்தையோ வண்டியையோ மாற்றினால் போதும்.

2. தாமதம். வண்டி ஓடும், ஆனால் பல மணி நேரம் கழித்து வரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வண்டி ரத்தாகாததால் திட்டமும் ரத்தாகவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். காலை 11 மணிக்கு விழுப்புரத்தில் இறங்க வேண்டியவர் 3 மணிக்கு இறங்கினால், அன்றைய கோட்டை ஏற்றம் போய்விட்டது என்பதை அப்போதே ஒப்புக்கொள்ள வேண்டும்.

3. மழை, வெள்ளம், புயல். வண்டியின் நிலையை விட மாவட்டத்தின் நிலைதான் இதில் முக்கியம். விழுப்புரம், திருவண்ணாமலை, நீங்கள் கிளம்பும் மாவட்டம் ஆகிய மூன்றுக்கும் சென்னை வானிலை ஆய்வு மையம் என்ன நிற எச்சரிக்கை விடுத்திருக்கிறது என்று பாருங்கள். சிவப்பு என்றால் மேலே படிக்க வேண்டாம்; நாளைத் தள்ளிப் போடுங்கள். ஆரஞ்சு என்றால் 1077 என்ற மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண்ணில் சாலை நிலவரம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். உங்கள் மாவட்டத்துக்கு வெளியே உள்ள நிலவரம் வேண்டுமானால் அந்த மாவட்டத்தின் எஸ்.டி.டி. குறியீட்டைச் சேர்த்து அழைக்க வேண்டும். விழுப்புரத்துக்கு 04146, திருவண்ணாமலைக்கு 04175.

படி 2: நாள் மாறாதது எது, மாறக்கூடியது எது?

செஞ்சி – மேல்மலையனூர்ப் பயணத்தில் நாள் மாறாதது பொதுவாக ஒன்றே ஒன்று: அமாவாசை இரவு. மேல்மலையனூரில் ஒவ்வோர் அமாவாசை இரவும் அம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம் நடக்கிறது. அதற்காகவே சென்னை, பெங்களூரு உட்படப் பல ஊர்களிலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பஸ்கள் விடுகிறது. உங்கள் பயணம் ஊஞ்சலுக்காக என்றால் அந்த இரவைச் சுற்றித்தான் மற்ற எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். மாசி மாதத்தில் சிவராத்திரியை அடுத்து வரும் மயானக் கொள்ளைத் திருவிழா வருடத்துக்கு ஒரு முறைதான். அதற்கு மாற்று நாளே கிடையாது. ஊஞ்சல் வேண்டாம், அம்மனைத் தரிசித்தால் போதும் என்பவருக்கோ எந்த நாளும் நல்ல நாள்தான். அமாவாசையைத் தவிர்த்து வந்தால் கூட்டமும் குறைவு.

கோட்டை எப்போதும் மாறக்கூடியது. அதற்குள்ளும் ஒரு பிரிவு செய்துகொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் ராஜா கோட்டை என்று சொல்லும் ராஜகிரிக்கு ஏறி இறங்க அரை நாள் வேண்டும். உச்சியை நெருங்கும் இடத்தில் ஆழமான பாறைப் பிளவு ஒன்று இருக்கிறது. அதன் மேலுள்ள பாலத்தைக் கடந்தால்தான் மேல்கோட்டை. அதற்கு முன்னும் பின்னும் கருங்கல் படிகள், சில இடங்களில் உயரமும் அகலமும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. ராணி கோட்டை எனப்படும் கிருஷ்ணகிரிக்கு இன்னும் சில மணி நேரம். அடிவாரத்திலேயே கல்யாண மகால், தானியக் களஞ்சியங்கள், சாதத்துல்லா கான் மசூதி, வெங்கடரமணர் கோயில் ஆகியவை இருக்கின்றன. இவற்றை மலையேறாமல் இரண்டு, மூன்று மணி நேரத்தில் பார்த்துவிடலாம். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்பின் 12 கோட்டைகளில் ஒன்றாகவும், அவற்றுள் தமிழ்நாட்டின் ஒரே கோட்டையாகவும் செஞ்சி உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து, ‘வந்தது வந்தோம், எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம்’ என்ற பரபரப்பு கூடியிருக்கிறது. ரயில் தாமதமான நாளில் அந்தப் பரபரப்பு ஆபத்தானது. நேரம் குறைந்தால் முதலில் வெட்ட வேண்டியது ராணி கோட்டை, அடுத்தது ராஜா கோட்டை, கடைசியில் அடிவாரம்.

கோட்டைக்காகவே மெனக்கெட்டுக் கிளம்பி மேலே ஏறாமல் திரும்புவதா என்று மனம் கேட்கும். கேட்கட்டும். மதியத்துக்கு மேல் ஏறத் தொடங்கினால் இறங்கும்போது வெளிச்சம் குறையும். மேலே ஏற அனுமதிக்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அடிவாரத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு மலையை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்வது, மூச்சு முட்ட ஏறி ஒன்றையும் பாராமல் இறங்குவதைக் காட்டிலும் மேல்.

படி 3: எந்த வாசல் திறந்திருக்கிறது?

நாள் வரிசை தெளிவானபின் வண்டி தேடலாம். செஞ்சி பஸ் நிலையத்தை நடுப்புள்ளியாக வைத்து யோசியுங்கள். உங்கள் ஊரிலிருந்து செஞ்சியை அடைவதுதான் கேள்வி. எந்த ரயில் நிலையம் என்பது அதற்குக் கீழ்ப்பட்டது.

சென்னையிலிருந்து வருபவருக்கு உண்மையில் ரயிலே தேவையில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு அரசுப் பஸ்கள் ஓடுகின்றன, செஞ்சியிலேயே இறங்கிவிடலாம். ரயிலில் திண்டிவனம் வந்து, நிலையத்திலிருந்து பஸ் பிடித்துச் செஞ்சி வருவதற்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இராது. பல விரைவு வண்டிகள் திண்டிவனத்தில் நிற்பதுமில்லை. விழுப்புரத் தடத்தில் தடை என்றால் இன்னொரு வழியும் உண்டு. 2024 மே மாதத்திலிருந்து சென்னை கடற்கரை – வேலூர் வண்டி திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அது மாலையில் கிளம்பி நள்ளிரவை ஒட்டித் திருவண்ணாமலை சேரும் வண்டி. குழந்தைகளும் முதியோரும் இருந்தால், அங்கே தங்க ரூம் உறுதியான பிறகே அதில் ஏறுங்கள்.

மதுரை, திருச்சி பக்கத்திலிருந்து வருபவருக்குச் சென்னை – விழுப்புரம் இடையே தடை வந்தால் கவலை குறைவு. வைகை, பல்லவன் போன்ற வண்டிகள் சென்னை வரை ஓடாவிட்டாலும் விழுப்புரம் வரை ஓடினால் உங்களுக்குப் போதும். ‘பகுதி ரத்து’ என்ற அறிவிப்பைப் பார்த்ததும் எந்த இரு நிலையங்களுக்கிடையே என்று படியுங்கள். உங்கள் பகுதி ரத்தாகாத பகுதியாகவும் இருக்கலாம். தெரியாமல் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வருந்துபவர்கள் பலர்.

பெங்களூரு, சேலம் பக்கத்திலிருந்து வருபவருக்குத் திருவண்ணாமலைதான் இயல்பான வாசல். பெங்களூருவிலிருந்து கிருஷ்ணகிரி நகரம், செங்கம் வழியாகச் சாலையிலேயே வந்துவிடலாம். மேல்மலையனூர் மட்டும்தான் நோக்கம் என்றால் செஞ்சிக்குப் போகவே வேண்டாம். திருவண்ணாமலையிலிருந்து அவலூர்பேட்டை வழியாக மேல்மலையனூருக்கு நேரே போகலாம். ஆனால் பௌர்ணமி, கார்த்திகை தீபம் ஆகிய நாள்களில் திருவண்ணாமலையை மாற்று வாசலாக நினைக்காதீர்கள். பஸ்ஸில் நிற்க இடம் இராது, ஊருக்குள் வாகனங்களை விடமாட்டார்கள், ரூம் கிடைக்காது.

*குறிப்பு:* விழுப்புரம் – சென்னை தடம் அடைபட்டால் சில வண்டிகளைத் திருவண்ணாமலை, காட்பாடி வழியாகத் திருப்பிவிட முடியும். அப்படித் திருப்பிய வண்டி திருவண்ணாமலையைக் கடக்கும், ஆனால் நிற்கும் என்று பொருளில்லை. நிறுத்தம் உண்டா என்று டிக்கெட் பரிசோதகரிடம் கேளுங்கள். சிக்னலுக்காக வேகம் குறையும்போது இறங்கப் பார்க்க வேண்டாம்.

படி 4: மாற்றி எழுதுங்கள்

சென்னையிலிருந்து ஒரு குடும்பம் இப்படித் திட்டமிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் காலை ரயிலில் விழுப்புரம், மதியம் செஞ்சிக் கோட்டை, இரவு செஞ்சியில் லாட்ஜ். இரண்டாம் நாள் பகலில் ஓய்வு, மாலை மேல்மலையனூர், இரவு ஊஞ்சல். மூன்றாம் நாள் காலை திரும்புதல்.

முன்கூட்டி அறிவித்த ரத்து என்றால் ரயிலுக்குப் பதில் கிளாம்பாக்கத்திலிருந்து பஸ், மற்றவை அப்படியே. முதல் நாள் ரயில் மூன்று, நான்கு மணி நேரம் தாமதம் என்றால் மதியக் கோட்டையை விட்டுவிட்டு நேரே லாட்ஜுக்குப் போங்கள். ஓய்வுக்கு வைத்திருந்த இரண்டாம் நாள் காலையைக் கோட்டைக்குக் கொடுங்கள். விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுமுன் ராஜா கோட்டையிலிருந்து இறங்கிவிட வேண்டும். மதியம் கட்டாயம் தூங்க வேண்டும், ஏனென்றால் அன்று இரவு கண்விழிக்கப் போகிறீர்கள். ராஜா கோட்டை ஏறிய களைப்போடு அமாவாசைக் கூட்டத்தில் நள்ளிரவு வரை நிற்பது முதியோருக்கு ஆகாது. அவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும்.

மழை எச்சரிக்கை ஆரஞ்சாக இருந்து சாலை திறந்திருந்தால் கோட்டையை முழுவதுமாக நீக்குங்கள். நனைந்த கருங்கல் படியில் ஏறுவதை விட இறங்குவதுதான் கடினம். கோயிலை மட்டும் வைத்துக்கொண்டு, பகலிலேயே மேல்மலையனூர் சேர்ந்து, தரிசனம் முடித்து, இருட்டுமுன் செஞ்சி திரும்பிவிடுங்கள். ஊஞ்சல் பார்க்க முடியாமல் போகும். ஆனால் மழை இரவில் திறந்தவெளியில் குழந்தையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நிலை வராது.

‘அமாவாசை காத்திருக்காதே, வேண்டுதல் என்று ஒன்று இருக்கிறதே’ என்பது இங்கே எழும் வலுவான மறுப்பு. வேண்டுதலை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அமாவாசை ஏறத்தாழ 30 நாளுக்கு ஒரு முறை வருகிறது, ஊஞ்சலும் ஒவ்வொரு முறையும் நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி அமாவாசைகள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விழுகின்றன. நாளை நீங்களே தேர்ந்தெடுக்க முடியுமானால் தை முதல் ஆடி வரையுள்ள ஓர் அமாவாசைக்கு வேண்டிக்கொள்ளுங்கள். ரயிலும் சாலையும் அப்போது மழையால் அடைபடும் வாய்ப்பு மிகக் குறைவு.

*குறிப்பு:* லாட்ஜுக்குப் பணம் கட்டும்போதே, ‘ரயில் ரத்தானால் தேதி மாற்றித் தருவீர்களா?’ என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தர மறுப்பவர்கள்கூடத் தேதி மாற்ற ஒப்புக்கொள்வார்கள். கட்டிய பணம் வீணாகிறதே என்பதற்காக வெள்ளத்தில் கிளம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

டிக்கெட் பணம்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

முதல் தவறு, முந்திக்கொண்டு தானே டிக்கெட்டை ரத்து செய்வது. நீங்கள் ரத்து செய்தால் பிடித்தம் போகத்தான் பணம் வரும்; தட்கல் டிக்கெட் உறுதியாகியிருந்தால் ஒன்றும் வராது. வண்டியை ரயில்வேயே ரத்து செய்தால் தட்கல் உட்பட முழுப் பணமும் திரும்பும். ஆன்லைன் டிக்கெட் என்றால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், பணம் தானாகவே கணக்குக்கு வந்துவிடும். கவுண்டரில் வாங்கிய டிக்கெட் என்றால், வண்டி புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் முன்பதிவுக் கவுண்டரில் கொடுத்துப் பணம் பெற வேண்டும். ஆகவே புயல் செய்தி வந்ததும், சாலை திறந்திருக்கும் என்று தெரிந்தால் மட்டும் பஸ்ஸில் இடம் பிடித்து வையுங்கள். ரயில் டிக்கெட்டை உடனே தொடாதீர்கள். முடிவாக வண்டி ஓடுகிறது என்று தெரிந்து நீங்கள் போகவில்லை என்றால் மட்டும் ரத்து செய்யுங்கள்.

இரண்டாவது, மூன்று மணி நேர விதியைத் தவறவிடுவது. நீங்கள் ஏறும் நிலையத்தில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், பயணம் செய்ய விருப்பமில்லாதவருக்கு முழுப் பணமும் கிடைக்கும். ஆனால் அந்த வண்டி உண்மையில் புறப்படுவதற்குள் கவுண்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட வேண்டும். ஆன்லைன் டிக்கெட்டுக்கு டி.டி.ஆர். எனப்படும் பணம் கோரும் மனுவைப் பதிவு செய்துவிட வேண்டும். வண்டி கிளம்பிய பிறகு போய்க் கேட்டால் பயனில்லை.

மூன்றாவது, பாதி வழியில் வண்டி முடிந்துபோனால் கோபத்தில் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆட்டோ தேடுவது. வெள்ளத்தாலோ விபத்தாலோ வண்டி நடுவில் நிறுத்தப்பட்டு, மேற்கொண்டு போக ரயில்வே ஏற்பாடு செய்யவில்லை என்றால், அந்த நிலையத்தில் டிக்கெட்டை ஒப்படைத்து முழுக் கட்டணத்தையும் கேட்கலாம். பஸ் ஏற்பாடு செய்து கொடுத்தும் நீங்கள் வேண்டாம் என்றால், பயணம் செய்யாத தூரத்துக்குரிய பணம் மட்டுமே வரும். கிளம்புமுன் நிலைய மேலாளரிடம், ‘மாற்று வண்டி உண்டா?’ என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். பணம், பாதுகாப்பு இரண்டும் அந்தப் பதிலைப் பொறுத்தவை.

நான்காவது சிறியது, ஆனால் அதிகம் நடப்பது. ரத்துச் செய்தி எஸ்.எம்.எஸ்.ஸாக வருவது முன்பதிவில் கொடுத்த எண்ணுக்கு. ஏஜென்ட்டோ சொந்தக்காரரோ எடுத்த டிக்கெட்டில் அவர்களின் எண் இருக்கும். செய்தி அவர்களுக்குப் போகும், நீங்கள் பிளாட்பாரத்தில் நிற்பீர்கள். பயணம் செய்பவரின் எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய வண்டி, வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்குக் கீழிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பயணிகள் நிலையத்திலும் அருகிலிருந்த பள்ளியிலும் தங்கினார்கள். பக்கத்து ஊரான புதுக்குடி மக்கள் அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டார்கள். 19-ஆம் தேதிதான் மீட்பு முடிந்தது. வண்டியை நிறுத்தியதும், பயணிகள் வெள்ளத்துக்குள் கிளம்பாமல் இருந்ததும் உயிர்களைக் காத்தன. ரயில் நிலையங்கள் பெரும்பாலும் சுற்றுப்புறத்தை விட மேடான இடத்தில் இருப்பவை. வண்டி வெள்ளத்தில் நின்றால் நிலையத்தை விட்டு நகராதீர்கள்.

1. தண்டவாளத்தின் மேலே நடந்து அடுத்த ஊருக்குப் போகலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கீழே மண் இருக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது. பாலத்தின் மேல் ஒதுங்க இடமும் இராது.

2. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். செஞ்சியைச் சுற்றிய கிராமச் சாலைகளில் ஓடைகளும், சங்கராபரணி ஆற்றில் சேரும் வாய்க்கால்களும் குறுக்கிடுகின்றன. டிரைவர் ‘பழகின ரோடு சார்’ என்று சொன்னாலும் நீங்கள் இறங்கிவிடுங்கள். பழகிய சாலையின் அடியை நேற்றைய தண்ணீர் அரித்திருக்கலாம்.

3. ஊஞ்சல் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். ரயில் ஓடாத நாளில் அந்தக் கூட்டம் இன்னும் பெருகும். விடியும் வரை காத்திருந்து கிளம்புங்கள். குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் எண்ணை எழுதிப் போட்டு வையுங்கள்; பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடத்தைப் பகலிலேயே குடும்பத்தாருக்குக் காட்டி வையுங்கள்.

4. மருந்து, ஒரு நாளுக்குரிய உலர் உணவு, தண்ணீர், பவர் பேங்க், கொஞ்சம் சில்லறை நோட்டு ஆகியவற்றைத் தோளில் மாட்டும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரமும் நெட்வொர்க்கும் போனால் யு.பி.ஐ. வேலை செய்யாது, டவுன் பஸ் கண்டக்டர் கையில் காசுதான் கேட்பார். அவசரத்துக்கு 112.

திரும்பும் பயணம்

போகும்போது எடுக்கும் கவனத்தில் பாதியைக்கூடத் திரும்பும்போது யாரும் எடுப்பதில்லை. ரயில் சேவை சீரானது என்ற செய்தி வந்தாலும், முதல் ஒன்றிரண்டு நாள் வண்டிகள் மெதுவாகத்தான் ஓட்டப்படும். முன்னர் ரத்தான வண்டிகளின் பயணிகளும் சேர்ந்துகொள்வார்கள். மறுநாள் காலை வேலைக்கோ தேர்வுக்கோ போக வேண்டியவர் திரும்பும் ரயிலை நம்பாமல் முந்தின நாள் பகல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட வேண்டும். ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர், இரண்டு டிக்கெட்டுகளையும் முன்பதிவின்போதே இணைத்துக்கொண்டால், முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிடும்போது பயணம் செய்யாத பகுதிக்குப் பணம் கேட்க வழி உண்டு.

திருப்பிவிடப்பட்டதால் உங்கள் நிலையத்தைத் தொடாத வண்டிக்கும், பாதியில் முடிந்த வண்டிக்கும் ஆன்லைன் டிக்கெட்டின் டி.டி.ஆர். பதிவை வீடு சேர்ந்த அன்றே முடித்துவிடுங்கள். அதற்குரிய 72 மணி நேரம் வண்டியின் அட்டவணை நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. நீங்கள் வீடு வந்து சேர்ந்த நேரத்திலிருந்து அன்று.